கருவி விழுங்கிய ‘ம்’

1

ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் போகும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அந்த நம்பிக்கையைத் தந்தவர் அப்பா. ஜோலார்பேட்டை ரயில்வேயில் கன்ட்ரோல் போனைக் காதோடு அணைத்தபடியே பணிக்காலத்தைக் கழித்தவர் அவர். பாதை நெடுகிலும் உள்ள நிலையங்கள் எல்லாம் அந்த ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லோரும் கேட்கலாம், ஒருவர்தான் பேசலாம். இருவர் ஒன்றாக வாய் திறந்தால் இருவர் பேச்சும் பாழ். ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே விதி நடந்தது. நானும் கிரேஸ் அக்காவும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிக் கதைகளைத் தொடங்கினால் அப்பா கையை உயர்த்துவார்.

“லைன் ஒண்ணுதாம்மா இருக்குது. ஒருத்தர் பேசுங்க. இன்னொருத்தர் ம் கொட்டுங்க.”

புத்தாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தபோது, ஜெர்மனியில் நான் வேலை பார்த்த நிறுவனம் ஆம்பூரோடு வைத்திருந்த கணினி இணைப்பின் மேலேயே தொலைபேசிப் பேச்சையும் ஏற்றப் போகிறது என்று வீட்டாரிடம் சொன்னேன். அப்பா முதலில் பதறியது கம்பிக்காகத்தான்.

“அந்த லைன்லதான் ஆர்டரு, பில்லு எல்லாம் போய்ட்டு வருதுன்றியே. அதுக்கு நடுவுல உங்க பேச்சை எங்கம்மா வெப்பாங்க?”

அக்காவின் ஐயம் வேறு. “நான் பேசறதைக் கம்ப்யூட்டர் கேட்டுக்கும். அப்புறம் அங்க வந்து என்னை மாதிரியே உன்கிட்ட பேசிக் காட்டும். அப்போ நீ பேசறது என்கிட்டயா, அதுகிட்டயா?”

இருவருக்கும் அன்று சிரித்துத்தான் பதில் சொன்னேன். அத்துறையைப் பற்றிச் சிறிது படித்த பிறகு, இரண்டு கேள்விகளுமே பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இடம்பெறத் தக்கவை என்று புரிந்தது.

இவற்றையெல்லாம் இப்போது நினைக்க வைத்தவள் என் மகள் லீனா. பள்ளி மேல்வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் கணினியில் புது ஹெட்செட்டைப் பொருத்தி, பேசும் மென்பொருளில் எதையோ மாற்றி, “இனிமே நாய் குரைக்கறது, பாத்திரம் கழுவறது ஒண்ணும் பெரியம்மாவுக்குக் கேக்காது, அம்மா” என்றாள். நன்றி சொல்லிவிட்டு ஆம்பூருக்கு அழைத்தேன். அக்கா எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இரண்டு வாக்கியம் போனதும் நிறுத்தினாள்.

“எஸ்தர்? இருக்கியா?”

“இருக்கேன், சொல்லு.”

மீண்டும் தொடங்கினாள். மீண்டும் நின்றாள். “லைன்ல இருக்கியாடி?”

பக்கத்தில் நின்ற லீனா திரையை எட்டிப் பார்த்து, “பெரியம்மா அறுந்துட்டாங்களா?” என்று கேட்டாள். ‘கட் ஆகிவிட்டதா’ என்பதை அவள் தமிழ் அப்படித்தான் சொல்லும். யாரும் அறுந்துவிடவில்லை. நடந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதே புதிரை நானும் அக்காவும் முன்னமே ஒருமுறை அவிழ்த்திருக்கிறோம்.

2

நாங்கள் இங்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில் என் கணவருக்கு வேலை. குடியேறிய இடம் ஜெர்மனியின் தென்மேற்கில், காலணித் தொழிலால் வளர்ந்த ஒரு சிறு நகரம். ஆம்பூர்க்காரிக்கு அது முற்றிலும் அந்நியமாகப் படவில்லை. கடைத்தெருவில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் செருப்பைப் பார்க்கும் மனிதர்கள் அங்கும் இருந்தார்கள். காற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை இல்லாததுதான் முதலில் சில வாரங்கள் விநோதமாக இருந்தது.

வந்த புதிதில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மேசைக்கு அப்பால் இருந்த அலுவலர் மிகவும் பண்பானவர். என் பெயருக்கு முன்னால் நின்ற ‘டி’ என்னும் எழுத்தின் மேல் பேனாவை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

“தேவசகாயம்” என்றேன்.

“உங்கள் குடும்பப் பெயர். அப்படித்தானே?”

இல்லை ஐயா, அது என் தந்தையின் பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, கல்யாணத்துக்குப் பின் அதையும் மாற்றியிருக்கலாம், நான் மாற்றவில்லை. இவ்வளவையும் சொல்வதற்கு வேண்டிய ஜெர்மன் சொற்களை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே, உங்கள் கேள்வி காதில் விழுந்தது என்னும் பொருளில் “ம்” என்றேன்.

அவர் எழுதி முத்திரை குத்திவிட்டார்.

அன்று முதல் இந்த நாட்டில் நான் திருமதி தேவசகாயம். மருத்துவமனையிலும் வங்கியிலும் மகளின் பள்ளிக்கூடத்திலும் அப்பாவின் பெயரைத்தான் உரக்கக் கூப்பிடுகிறார்கள், நான்தான் எழுந்து போகிறேன். அப்பாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்போ என்னைக் கூப்ட்டா நீ திரும்பிப் பாக்கறியா? நான் பாஸ்போர்ட்டு இல்லாமலே ஜெர்மனி போய்ட்டேன்னு சொல்லு.”

நம்மிடையே ‘ம்’ என்பதற்குச் சம்மதம் என்று மட்டும் பொருள் இல்லை. கேட்கிறேன், மேலே சொல், நான் இங்கேதான் இருக்கிறேன் என்பவையெல்லாம் அந்த ஓரெழுத்துக்குள் அடங்கும். இங்குள்ளவர்கள், நான் பழகிய அளவில், தொலைபேசியில் எதிராளி முடிக்கும்வரை வாய் திறவாமல் கேட்கிறார்கள். அதையே மரியாதை என்று கருதுகிறார்கள். நம் வீடுகளில் அப்படிக் கேட்பவர் மேல் நமக்குச் சந்தேகம் வரும். கோபமாக இருக்க வேண்டும், அல்லது தூங்கியிருக்க வேண்டும்.

எனக்கு இங்கே வேலை கிடைத்ததற்குக் காரணமே அக்காவின் குரல். ஆம்பூரில் பதனிட்ட தோலை அயல்நாடுகளுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். அழைப்புகளை இணைக்கும் போர்டின் முன் இருப்பதால் எல்லோரும் அவளை ‘போர்டு அக்கா’ என்பார்கள். கல்லூரி முடித்ததும் தேர்வுக்குப் போனபோது, ‘ஒரு நிமிடம், லைனில் இருங்கள்’ என்னும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேறொன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்களாம். அவளுக்கு அதில் இன்றும் பெருமை. அந்தத் தோலை வாங்கும் நிறுவனம் நாங்கள் குடியேறிய ஊரிலேயே இருந்தது. ஒருநாள் இணைப்புக்காகக் காத்திருந்த வேளையில், என் தங்கை உங்கள் ஊரில்தான் இருக்கிறாள், தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும், வேலை தேடுகிறாள் என்று அக்கா அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதமே நான் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் ஆம்பூருக்குப் போகும் அழைப்புகளில் பெரும்பாலானவை என் கையால் போயின. அங்கே எடுப்பவள் அக்கா. தோலின் நிறம், அனுப்ப வேண்டிய லாட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டியவர் நசீர் பாய். அவர் தொழிற்சாலைக்குள் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும். அந்தச் சிறிது நேரம் எங்களுடையது.

“சாப்ட்டியா? லீனாவுக்குப் பல் முளைச்சிடுச்சா? அப்பாவுக்கு இருமல் கம்மியாய்டுச்சு. கிழங்கு மாதிரி ஒக்காந்துகினு உன் போட்டோவையே பாக்கறார். இரு, பாய் வந்துட்டார், குடுக்கறேன்.”

இதற்கென்று தனியாக வீட்டுக்கு அழைத்தால் பேச்சு இவ்வளவு நன்றாக வராது. நலமா, நலம், வேறென்ன என்று முடிந்துவிடும். இடையில் கிடைத்த நேரத்தில்தான் எங்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது.

3

நிறுவனத்தில் வலையமைப்பைக் கவனித்துக்கொண்டவர் வெர்னர் என்னும் பொறியாளர். ஆம்பூருக்கும் எங்களுக்கும் நடுவே ஆர்டர்களும் கணக்குகளும் போய்வர ஓர் இணைப்பு வாடகைக்கு எடுத்திருந்தோம். பகலில் பாதி நேரம் அது சும்மாவே கிடக்கிறது, அதில் பேச்சையும் அனுப்பலாம் என்பது அவர் திட்டம். என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். இரு பக்கத்தாரும் சொல்வதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். சோதனை முடிந்ததும் இது பயன்படுமா, படாதா என்று அறிக்கை எழுத வேண்டியவளும் நானே.

வெர்னர் சொல்லித்தந்ததை அப்பாவுக்குச் சொன்னேன். குரலைக் கருவி மிகச் சிறிய துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி எழுதும். ஆர்டர்கள் போகும் அதே வழியில், அவற்றின் இடையிடையே செருகி அனுப்பும். அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கோக்கும்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான ‘ம்’மை விட நீளமான ‘ம்’ வந்தது.

“வேகனைக் கழட்டி வேற வண்டியில மாட்றீங்க. புரியுது. பின்னாடி கௌம்புன வேகன் முன்னாடி வந்துட்டா?”

“கொஞ்சம் காத்திருந்து, நம்பர் பாத்து வரிசையில நிறுத்துவாங்கப்பா.”

“ரொம்ப லேட்டா வந்தா?”

“தூக்கிப் போட்டுடுவாங்க.”

“அய்யய்யோ, ரயில்வேல அப்படிப் பண்ணா வேலை போய்டும்” என்றார். பிறகு, “கூட்ஸும் பேசஞ்சரும் ஒரே பாதையில வந்தா?” என்று கேட்டார்.

பேச்சுக்கு முதலில் வழிவிட வேண்டும், ஆர்டர் காத்திருக்கும் என்றேன். “ஓஹோ, கூட்ஸைப் பக்கத்து லைன்ல ஒதுக்கிடுவீங்க” என்றார் நிறைவோடு. அதன்பின் அவருக்கு அந்தத் திட்டத்தின் மேல் எந்தப் பகையும் இல்லை. பள்ளிகொண்டாவில் இருந்த தம் பழைய நண்பருக்குக்கூட விளக்கிச் சொன்னாராம்.

அந்நாளைய இந்தியச் சட்டப்படி, நிறுவனங்களின் இத்தகைய உள்வலையை ஊர்த் தொலைபேசியோடு பிணைக்கக் கூடாது. அனுமதிக்காக அனுப்பிய விண்ணப்பம், இது தொலைபேசியா கணினியா என்னும் கேள்வியோடு ஒருமுறை திரும்பி வந்தது. கேட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு எனக்குமே விடை தெரியவில்லை. கடைசியில் ஆம்பூரில் முக்கியமான மேசை ஒவ்வொன்றிலும் இரண்டு போன்கள் வந்தன. ஊருக்குக் கறுப்பு, உலகத்துக்குச் சாம்பல். சாம்பல் போனில் நாங்கள் நான்கு எண்களை அழுத்தினால் நேரே நசீர் பாயின் மேசையில் மணி அடிக்கும். நடுவில் யாரும் இல்லை.

நடுவில் இருந்தவள் அக்கா. சோதனை வெற்றி பெற்றால் போர்டை எடுத்துவிடுவது என்றும், ஊரிலிருந்து வரும் கறுப்பு போன் அழைப்புகளுக்குப் பதிவு செய்த குரல் ஒன்று பதில் சொல்லும் என்றும் தொழிற்சாலையில் பேச்சு அடிபட்டது. அக்காவே அதை எனக்குச் சொன்னாள், வானிலை சொல்வதைப் போல.

“உங்க மெஷின் நல்லா ஓடுச்சுன்னா என் சீட்டு காலியாம். ஓடலைன்னா தப்பிச்சேன். சரி, லீனாவுக்கு ஜொரம் விட்டுச்சா?”

4

மெஷின் ஓடவில்லை. ஓடியது என்றும் சொல்லலாம்.

வெர்னரின் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. துண்டுகள் தொலையவில்லை, தாமதம் பொறுக்கும் அளவில்தான் இருந்தது. இதே கருவி போர்ச்சுகல் கிளையில் குறையின்றி வேலை செய்தது. ஆம்பூரிலிருந்து மட்டும் நாள்தோறும் புகார். நசீர் பாய் ஒரு வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, “ஹலோ? ஹலோ?” என்பார். நான் “சொல்லுங்க” என்பேன். சிறு தாமதத்தால் அதே நொடியில் அவரும் “சொல்லுங்க” என்பார். நீங்கள் சொல்லுங்கள், இல்லை நீங்கள் சொல்லுங்கள் என்று இருவரும் வாசலில் நின்று வழிவிட்டுக்கொண்டே இருப்போம். அப்பாவின் பழைய விதி புதிய கம்பியிலும் எங்களைத் துரத்தியது.

“எஸ்தர்மா, இன்னா மெஷின் குடுத்தாங்க உங்க ஆளுங்க? செவுத்துகிட்ட பேசற மாதிரியே இருக்குது” என்றார் நசீர் பாய். “டேன் கலரு கொஞ்சம் ஜாஸ்தி ஆய்டுச்சு, ஏன்னான்னு வெளக்கிட்டு வர்றேன், நடுவுல ஆள் இருக்கீங்களா போய்ட்டீங்களான்னே தெரியல. லைன் செத்து செத்துப் பொழைக்குதும்மா. பெரிய பேஜார்.”

“நான் இங்கயேதான் இருந்தேன், பாய்.”

“இருந்தா சரி. இருக்கறது தெரியணும் இல்ல?”

எனக்கு நசீர் பாயின் குறையைவிட வேறொன்று உறுத்தியது. சோதனைக்காகப் போர்டு மேசையிலும் ஒரு சாம்பல் போன் வைத்திருந்தார்கள். நாளின் முதல் அழைப்பை நான் அக்காவுக்குச் செய்து, இணைப்பைச் சரிபார்ப்பது வழக்கமானது. அந்த போனில் அக்கா மாறிப்போயிருந்தாள். லீனா பள்ளியில் சேர்ந்த கதையைச் சொல்கிறேன், மறுமுனையில் லேசான இரைச்சல் தவிர ஒன்றுமில்லை. நான் முடித்த பிறகு, “சரி, நல்லது” என்று வரும். சீட்டு போகப் போகிறது, அதை எடுக்க வந்தவள் தங்கை, வேறெப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். சில நாட்கள் அப்படியே கழிந்தன. பிறகு பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அக்கா, என்மேல கோவமா?”

“இன்னாடி கோவம்?”

“நான் பேசினா ஒண்ணுமே சொல்ல மாட்டேன்ற.”

“நல்லா இருக்குதே கதை. நான் உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். ஜெர்மன்காரி ஆய்ட்டா, ம் கூட கொட்ட மாட்டேன்றான்னு நேத்துதான் அப்பாகிட்ட சொன்னேன்.”

“நான் கொட்டிகிட்டுதானே இருக்கேன்.”

“நானுந்தான் கொட்டிகிட்டு இருக்கேன்.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“அப்போ இத்தினி நாளா கொட்டினதெல்லாம் எங்கடி போச்சு?” என்றாள் அக்கா. “கடல்லயா கொட்டிச்சு?”

5

வெர்னரை அழைத்து வந்து திரையின் முன் உட்கார வைத்தேன். நானும் அக்காவும் சாம்பல் போனில் பேசினோம். எதைப் பற்றி என்று குழம்பியபோது அக்காவே சொன்னாள்: “மழை வந்து பாலாத்துல தண்ணி போச்சே, நம்ம ரெண்டு பேரும் பாக்கப் போய் செருப்பை விட்டுட்டு வந்தோமே, அதைச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச கதை, ம் கொட்ட சௌகரியம்.” நான் சொன்னேன். அவளுடைய கறுப்பு போனுக்கும் வழக்கமான தொலைபேசியில் அழைத்து அதை மற்றொரு காதில் வைத்து, அவள் எங்கெங்கே ‘ம்’ என்கிறாள் என்று அதன் வழியே கேட்டு விரலை உயர்த்தினேன். விரல் உயர்ந்த ஒவ்வொரு முறையும் வெர்னரின் திரையில் ஆம்பூரிலிருந்து ஒரு துண்டும் புறப்படவில்லை.

வெர்னர் தலையைச் சொறிந்தார், பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். மௌனத்தை அனுப்பி இணைப்பை வீணாக்கக் கூடாது என்று கருவிக்குக் கற்பித்திருந்தார்கள். ஒருவர் பேசாதபோது அது எதையும் அனுப்பாது. ஆனால் முழு அமைதியைக் கேட்டால் மனிதர்கள் லைன் அறுந்துவிட்டது என்று பயப்படுவார்கள் அல்லவா, ஆகவே கேட்பவர் பக்கத்தில் கருவியே சிறிது இரைச்சலைப் பொய்யாக உண்டாக்கித் தரும். ஆறுதல் இரைச்சல் என்று அதற்குப் பெயரே உண்டாம். இத்தனை நாளும் நான் ஆம்பூரின் காற்றொலி என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

அக்காவின் அறைச் சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர். கரண்ட் போகும்போதெல்லாம் அது உறுமும். அந்த உறுமலைப் பேச்சு அல்ல என்று தள்ளக் கற்ற கருவி, வாய் திறவாமல் தொண்டைக்குள் எழும் ‘ம்’மையும் அதோடு சேர்த்துத் தள்ளியது. என் பக்கம் ஜெனரேட்டர் இல்லை. ஆனால் அலுவலகத்தில் அடக்கிப் பேசிப் பழகிய என் ‘ம்’மும் அதன் கணக்கில் மௌனம்தான். கருவியைச் செய்தவர்களின் காதில் ‘ம்’ என்பது ஒரு சொல்லாக விழுந்திருக்கவே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. வியப்புத்தான் வந்தது. பேச்சு என்பது எங்கே தொடங்குகிறது என்று யாரோ ஒருவர் ஒரு கோடு போட்டிருக்கிறார். நம் பேச்சில் பாதி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

“இதை நிறுத்திவிடலாம்” என்றார் வெர்னர். “காலை நேரத்தில் உங்கள் ஆர்டர்கள் கொஞ்சம் மெதுவாகப் போகும். நீங்கள் ‘ம்’ சொல்வதற்காக அவை காத்திருக்க வேண்டுமா?”

“வேண்டும்” என்றேன்.

அவர் விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன், ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கு வழக்கமான போனில் அழைத்தேன்.

“கண்டுபிடிச்சிட்டோம். நாளைக்கு சரி பண்ணிடுவாங்க. பண்ணா சோதனை பாஸ். உன் சீட்டு...”

“தெரியுது.”

“நீ இன்னா சொல்ற?”

“நான் இன்னா சொல்றது? நீ பண்ணலைன்னா அந்த வெள்ளைக்காரன் பண்ணப் போறான். உன் வேலையை நீ பாரு. இன்னொண்ணு. அது எங்கயோ போய் விழுந்துகினு இருந்தா எனக்கு ஆத்திரமா வருதுடி. நான் கேக்கறேன்னு உனக்குத் தெரியணும் இல்ல.”

மறுநாள் மாற்றினார்கள். நசீர் பாய் டேன் நிறத்தைப் பற்றி முழு வியாக்கியானத்தையும் ஒரு ‘ஹலோ’ இல்லாமல் முடித்துவிட்டு, “ஆங், இப்போ ஆள் இருக்குது” என்றார். சில வாரங்களில் அறிக்கையை எழுதிக் கொடுத்தேன்; சோதனை வெற்றி. ஒரு காலையில் வெர்னர் என் மேசைக்கு வந்து, ஆம்பூர்ப் போர்டை அடுத்த மாதம் அகற்றுவதென்று இரு தரப்பு மேலாளர்களும் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அங்கே இன்னும் யாருக்கும் சொல்லவில்லையாம். பிறர் வாயால் அவள் அதைக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சாம்பல் போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினேன்.

“அக்கா, முடிவாய்டுச்சு. அடுத்த மாசம் போர்டை எடுக்கறாங்க.”

“ம்.”

அது முழுமையாக வந்து சேர்ந்தது. எத்தனை துண்டுகளாக நறுக்கப்பட்டதோ, எந்த ஆர்டர்களுக்கு நடுவே செருகப்பட்டதோ, ஒன்றும் சிந்தாமல் வந்தது. பின்னணியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததும் கேட்டது. பதிவு அலுவலகத்து மனிதர் இதைக் கேட்டிருந்தால் சம்மதம் என்று எழுதி முத்திரை குத்தியிருப்பார்.

“சாம்பிள் ரூம்ல எடம் குடுப்பாங்களாம். நசீர் பாய்கிட்ட.”

“ம்.”

“அங்கயும் சாம்பல் போன் இருக்கும். நான் நேரா உனக்கே போடலாம்.”

“அங்க எனக்கு யாருடி போன் பண்ணப் போறாங்க, உன்னை விட்டா?” என்றாள். உடனே, “சரி சரி, லீனா இன்னா பண்றா?” என்றாள்.

போர்டை அகற்றுவதற்கு முன் பதிவுக் குரலுக்கு ஆள் தேடினார்கள். யார் யாரையோ பேசவைத்துப் பார்த்துவிட்டு இறுதியில் அக்காவிடமே வந்தார்கள். அவள் மறுக்கவில்லை. “பேசிக் குடுத்துட்டேன். வணக்கம், லைன்ல இருங்கன்னு தமிழ்லயும் இங்லீஷ்லயும். கம்ப்யூட்டர் என்னை மாதிரி பேசும்னு நான் அப்பவே சொன்னேன், நீ சிரிச்ச” என்றாள். பிறகு சொன்னாள்: “ஆனா அது ம் கொட்டாது, பாத்துக்கோ.”

6

அக்கா சாம்பிள் அறையில் சில ஆண்டுகள் இருந்தாள். தோல் துணுக்குகளுக்குப் பின்னால் பெயர் ஒட்டும் வேலை. தோலுக்கு அடிக்கும் பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, குரல் கம்மிவிட்டது. நாங்கள் ஒவ்வொரு நாளும் பேசினோம், அதற்கு இப்போது எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. ஆனால் ‘இரு, பாய் வந்துட்டார்’ என்று யாரும் அவசரப்படுத்தாத பேச்சில் பழைய ருசி இல்லை என்பதை இருவரும் அறிவோம். பிறகு எங்கள் நிறுவனம் தோல் வாங்குவதை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டது, இணைப்பை நிறுத்தினார்கள். வெர்னர் ஓய்வு பெற்றுவிட்டார். நசீர் பாய் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அக்காவும் வேலையை விட்டு வீட்டோடு இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அவர் இறப்பதற்குச் சில மாதம் முன்பு, அந்தத் தொழிற்சாலையின் ஊர் எண்ணைச் சுழற்றி, அக்காவின் பதிவுக் குரலை ஒருமுறை கேட்டாராம். “நல்லாத்தான் சொல்றே. ஆனா பதில் பேசினா மதிக்க மாட்டேன்ற” என்று பக்கத்தில் நின்றவளிடமே குறை சொன்னாராம்.

அப்பாவின் பெயரை இங்கே இன்னும் கூப்பிடுகிறார்கள். பல் மருத்துவமனையில் சென்ற வாரம்கூட. நான் எழுந்து போனேன்.

லீனா தன் பெரியம்மாவோடு பேசும்போது ‘ம்’ கொட்டுவதில்லை. அவள் இவ்வூர் வழக்கப்படி முழுதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லும் பிள்ளை. ஆசிரியர்கள் அதற்காக அவளைப் பாராட்டுகிறார்கள். “உன் பொண்ணுக்கு என்மேல இன்னாடி வருத்தம்?” என்று அக்கா கேட்கிறாள். வருத்தமில்லை என்று நான் விளக்குகிறேன். அவளுக்கு விளங்குகிறது, நம்பிக்கை மட்டும் வருவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீனாவிடம், நீ மாற்றியதைத் திரும்ப மாற்று என்றேன்.

“ஏம்மா? குரல் எவ்ளோ சுத்தமா போவுது.”

“நான் ம் சொல்றது பெரியம்மாவுக்குக் கேக்கலை.”

“அது ஒரு வார்த்தையே இல்லையே” என்றாள், உண்மையிலேயே வியந்து. ஆனாலும் மாற்றித் தந்தாள். மாற்றிவிட்டு அருகிலேயே உட்கார்ந்தாள், கதையில் அந்தச் சத்தம் எங்கெங்கே வருகிறது என்று கவனிக்க.

எதிர்வீட்டுக் கல்யாணத்தை அக்கா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். நாயும் குரைத்தது, பாத்திரமும் ஒலித்தது. அவள் ஒருமுறைகூட நிறுத்தவில்லை. அவள் முடித்ததும், பதிவு அலுவலகம் முதல் சாம்பல் போன் வரை இங்கே எழுதியிருப்பதை எல்லாம் நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குத் தெரிந்த கதைதான்.

ஆம்பூர் வீட்டில் இப்போது அக்கா மட்டும் இருக்கிறாள். நான் சொல்லி முடிக்கும்வரை இருக்கிறாள்.